கோட்டை மதிலும் வாய்க்கால் கரையும்

தரங்கம்பாடி என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சீகன்பால்குவும் அவருடைய அச்சுக்கூடமும்தான். அது நியாயமே. 1706 ஜூலை 9-ஆம் நாள் அங்கே கரையிறங்கிய அந்த இளைஞர், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்ட கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அவர் வருவதற்கு 86 வருஷம் முன்னாலேயே அந்தக் கடற்கரையில் கோட்டை வேலை தொடங்கிவிட்டது. அந்தக் கோட்டை யாரைக் காப்பாற்றியது? அதைச் சுற்றியிருந்த நெல் வயல்களில் அப்போது என்ன நடந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் கேரியரில் கட்டிக்கொண்டு, போன தை மாதம் நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் கிளம்பினோம். பழைய மாணவர்கள் மூன்று பேர். இப்போது நம் கல்லூரியில் வரலாறு படிக்கும் தம்பிகள் இரண்டு பேர். மூன்று பேரின் வயதைக் கூட்டினால் இருநூறைத் தொடும் என்று தம்பிகள் கேலி பேசியதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்!

"கார்லயே போயிடலாமே சார், ஒரே நாள்ல முடிஞ்சிடுமே" என்றான் ஒருவன். முடிந்துவிடும்தான். ஆனால் காரில் போகிறவனுக்குக் காவிரிப் படுகை ஒரு பச்சைக் கோடு. சைக்கிளில் போகிறவனுக்குத்தான் எந்த வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, மதகு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இந்த ஊர்ப் பக்கம் மேடு என்று ஒன்று கிடையாது. பெடலை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது என்றால், ஒரு வாய்க்கால் பாலம் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் மதியத்துக்குள் தம்பிகள் பாலங்களை எண்ணுவதையே விட்டுவிட்டார்கள்.

ரயில் போன வழி

மயிலாடுதுறையில் கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று போய்த் தரங்கம்பாடியில் முடிகிற வழி நமக்கெல்லாம் பழகிய வழி. சுமார் 30 கிலோமீட்டர். என் தலைமுறைக்காரர்களுக்கு அது ரயில் வழியும்கூட. 1926-இல் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் ரயில் 1986-இல் நின்றது. ரயில் மறைந்தாலும் அது போன மண்கரை சில இடங்களில் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் வந்து கல்லூரியில் படித்த பழைய மாணவர்கள் இந்தக் கூடுகையிலும் இருப்பீர்கள். முதல் மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைவதற்கு அந்த ரயில் எவ்வளவு நல்ல சாக்காக இருந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பகுதிக்கு விவசாயிகள் வைத்த பெயர் கடைமடை. கல்லணையில் பிரிந்த தண்ணீர் ஆறாகி, கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகி, கடைசியில் வந்து சேர்கிற இடம். மேலே எங்கே ஒரு கரை உடைந்தாலும், எங்கே ஒரு தலைப்பு தூர்ந்தாலும், அதன் பலனை முதலில் அனுபவிப்பது கடைமடைக்காரர்தான். நாங்கள் போனபோது சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மதகின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். பேச்சு எங்கெங்கோ போய்ச் சண்டை, கலகம் என்று வந்தது.

"எங்க வூட்ல பிள்ளைங்க கூச்சல் போட்டா எங்க அப்பாயி, 'என்னடா இது, ஐதர் கலாபமா?'ன்னு அதட்டும் தம்பி. ஐதர் யாருன்னு அதுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்றார் அவர்.

இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஒரு படையெடுப்பு, பிள்ளைகளை அதட்டுகிற வார்த்தையாக ஒரு வீட்டில் தங்கியிருக்கிறது. தம்பிகளில் ஒருவன் நோட்டை எடுத்து அப்போதே எழுதிக்கொண்டான். அந்த நோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

வழியில் தில்லையாடியில் இறங்காமல் போக முடியுமா? தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்துபோன வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. மறு வருஷமே காந்தியடிகள் அந்த ஊரைத் தேடி வந்தார். துப்பாக்கி இல்லாமல் நடந்த ஒரு போருக்கு இந்த வழியில் இருக்கும் நினைவிடம் அது.

கோட்டை

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1616-இல் கோபன்ஹேகனில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் அனுப்பிய ஓவே யெட்டே என்ற கப்பற்படைத் தலைவருக்கும் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் வந்துதான் இந்த ஊர் பிறந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்கு மூன்று நூற்றாண்டு மூத்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

கோட்டைக்குள் போய்ப் பீரங்கிகளைப் பார்த்ததும் தம்பிகளுக்கு ஒரே உற்சாகம். "இது எத்தனை சண்டை பார்த்திருக்கும் சார்?" என்று கேட்டார்கள். பதில் கேட்டு அவர்கள் முகம் சற்று வாடிப்போனது உண்மை. 1699-இல் தஞ்சைப் படை ஊரை முற்றுகையிட்டது. ஆங்கிலேயர் ஆள் அனுப்பி உதவியதும் முற்றுகை விலகியது. அதற்குப் பிறகு இந்த ஊர் பிழைத்தது பீரங்கியால் அல்ல, நடுநிலையால்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட காலத்தில், இரண்டு பக்கத்துச் சரக்கும் டேனிஷ் கொடியின் நிழலில் போய் வந்தது. அமெரிக்க சுதந்திரப் போர் நடந்த வருஷங்கள் தரங்கம்பாடி வியாபாரிகளுக்குப் பொற்காலம். ராஜா வீதியின் தலைமாட்டில் நிற்கிறதே, டென்மார்க் அரச முத்திரை பொறித்த நுழைவாயில், அது 1792-இல் கட்டப்பட்டது.

அந்த நடுநிலை உடைந்ததும் கோட்டையும் உதவவில்லை. ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் பகை மூண்டபோது, 1801-இல் ஆங்கிலேயர் ஊரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்தார்கள். 1807-இல் ஆங்கிலக் கப்பற்படை கோபன்ஹேகன் நகரைக் குண்டு போட்டு எரித்தது. அதன் தொடர்ச்சியாக 1808-இல் தரங்கம்பாடி மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போய் 1815 வரை அவர்களிடமே இருந்தது. வியாபாரம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 1845-இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் விற்றுவிட்டது. எங்கோ பால்டிக் கடலில் நடந்த சண்டைக்கு, நம் ஊர் நெசவாளியும் தோணிக்காரரும் வருமானத்தை இழந்தார்கள்.

தண்ணீரின் மேல் நடந்த போர்

கோட்டையில் பெரிய சண்டை நடக்கவில்லை என்றால், இந்த நாட்டில் போரே நடக்கவில்லையா? நடந்தது. அது வாய்க்கால் கரைகளில் நடந்தது. எங்கள் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதும், இந்த மலரில் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

முதல் சம்பவம் 1754 மே மாதம். திருச்சிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்த காலம். தஞ்சை மன்னர் ஆங்கிலேயர் பக்கம் சாய்கிறார் என்று, அவரைப் பணிய வைக்கப் பிரெஞ்சுப் படை ஒரு வழி கண்டுபிடித்தது. கல்லணைக்குப் பக்கத்தில் கோவிலடியைப் பிடித்துக்கொண்டு, காவிரி கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் தடுத்து நின்ற பெரிய கரையை வெட்டிவிட்டது. ஒரு பீரங்கிக் குண்டும் தேவைப்படவில்லை. கோவிலடியில் மண்வெட்டி விழுந்தால் காயம் படுவது கடைமடைக்கு! அங்கிருந்து இத்தனை மைல் தள்ளி, பொறையாற்றுப் பக்கம் நாற்றங்கால் போட்டவன் பெயர் அந்தத் தளபதிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது, 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி, பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டி, தஞ்சை 56 லட்ச ரூபாய் தரவேண்டும் என்று கேட்டுக் காரைக்காலிலிருந்து படையெடுத்தார். படைக்குச் சோறு இல்லை, வண்டி மாடு இல்லை. நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள். அங்கே ஆறு அந்தணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சைக் கோட்டை முற்றுகையில் இருந்தபோதே, ஆகஸ்ட் 3-ஆம் நாள் கடலில் ஆங்கிலக் கப்பற்படை பிரெஞ்சுக் கப்பல்களை முறியடித்த சேதி வந்தது. லாலி முற்றுகையை விட்டுப் பட்டினிப் படையோடு காரைக்காலுக்குத் திரும்பினார். 1760 ஏப்ரலில் அந்தக் காரைக்காலும் ஆங்கிலேயரிடம் விழுந்தது.

மூன்றாவதுதான் அந்த மதகுப் பெரியவர் சொன்ன ஐதர் கலாபம். 1781-இல் ஐதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டில் புகுந்தன. மாடுகள் போயின, ஆட்கள் சிறை போனார்கள், மிஞ்சியவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஆள் இல்லாத ஊரில் வாய்க்காலைத் தூர்வாருவது யார்? நாற்று நடுவது யார்? பஞ்சம் வந்தது. 1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை, கும்பகோணத்துக்கு அருகே அன்னகுடியில் திப்பு சுல்தான் மூன்று நாள் சண்டையில் முழுசாகச் சிறைபிடித்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இந்தச் சண்டையை விவரமாக எழுதுகின்றன. அதற்கு முந்திய வருஷம் தஞ்சைக் கோட்டைக்குள் நடந்ததை ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அதைத்தான் நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார் அப்போது தஞ்சையில் இருந்தார். கோட்டைக்குள் பட்டினி; தெருவில் பிணங்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் வண்டி மாடுகளைக் கொண்டுவந்து நெல்லை ஏற்ற ஒருவரும் முன்வரவில்லை. காரணம் எதிரிப் பயம் மட்டுமல்ல. அதற்கு முன்னால் அரசாங்கத்துக்கு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள்! அரசர் சொன்னார், அதிகாரிகள் சொன்னார்கள், ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்தார்கள். அவர் தன் பொறுப்பில் கூலி தருவதாகக் கிராமங்களுக்குக் கடிதம் எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. சுமார் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. சொன்னபடி எல்லாருக்கும் கூலி கொடுத்து அனுப்பினார். மறு வருஷம், பிரெய்த்வெய்ட் சிறைபட்ட பிறகு, அதே பட்டினி, அதே கடிதம், மறுபடியும் மாடுகள் வந்தன. அறுவடை நெருங்கும் நேரம் பார்த்தே எதிரிப் படை வந்தது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். போர் ஓய்ந்த பிறகும் வரிக் கொடுமைக்குப் பயந்து ஊர் திரும்பாத குடியானவர்கள், அவர் வாக்குக் கொடுத்த பிறகு ஏழாயிரம் பேர் திரும்பி வந்து ஏரைப் பிடித்தார்கள்.

இதை இரவு தங்கிய இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது, மதில் இருந்தது, பீரங்கி இருந்தது. ஆனாலும் கோட்டை பிழைத்தது கிராமத்து மாட்டு வண்டியால். அந்த மாட்டு வண்டி வந்தது ஒரு மனிதரின் வாக்கை நம்பி. நோட்டு வைத்திருந்த தம்பி அப்போது ஒன்று கேட்டான்:

"சார், லாலி பேர் இருக்கு, பிரெய்த்வெய்ட் பேர் இருக்கு, சுவார்ட்ஸுக்குத் தஞ்சாவூர்ல பளிங்குச் சிலையே இருக்கு. ஆயிரம் மாடு ஓட்டிட்டு வந்தவங்க பேர் ஒண்ணுகூட இல்லையே, ஏன் சார்?"

எங்கள் மூவரில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. எதிரிப் படை சுற்றித் திரிந்த நாட்டில், ராத்திரியோ பகலோ, நெல் பாரத்தோடு ஆற்றையும் வாய்க்காலையும் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஒருத்தர் பெயரும் நம்மிடம் இல்லை.

தெற்கே காரைக்கால், நாகப்பட்டினம்

மறுநாள் விடியற்காலை தெற்கே திரும்பினோம். காரைக்காலுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். நண்டலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, அதற்கும் தெற்கே திருமலைராஜனாறு, நாகூரில் வெட்டாறு. ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி, பெயரைச் சொல்லி, எங்கிருந்து பிரிகிறது என்று கேட்டுப் பார்த்தோம். ஐந்து பேர் சேர்ந்தும் பாதிக்குத்தான் சரியான பதில் வந்தது. தேர்வு வைத்திருந்தால் பலருக்கும் அரியர்ஸ்தான்!

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இந்தப் பக்கம் கோட்டையைத் தேடி வரவில்லை, வீட்டுக்குள் வந்தன. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது நமக்குத் தெரியும். அதே போரில், தரங்கம்பாடி மிஷனில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். காவலில் வைக்கப்பட்டு, 1915-16-இல் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையை ஸ்வீடன் நாட்டாரும் உள்ளூர்த் தமிழரும் ஏற்று நடத்த, 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது.

காரைக்கால் அப்போது பிரெஞ்சு நாடு. 1940-இல் பாரிஸ் விழுந்த பிறகு, அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சு இந்தியா ஜெனரல் டி கோல் பக்கம் சேர்ந்தது. நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயரின் போர், அந்தப் பக்கம் சுதந்திர பிரெஞ்சின் போர். இரண்டு பக்கமும் வயலுக்குப் பாய்ந்தது மட்டும் அதே காவிரித் தண்ணீர். 1954 நவம்பர் 1-ஆம் நாள்தான் காரைக்கால் இந்திய ஆட்சிக்கு வந்தது.

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்று இல்லை. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த ஊர். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பிடித்த ஊர். அதன் கடலில் 1746, 1758, 1782 என்று மூன்று முறை பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. ஆனால் நாங்கள் அங்கே நின்று பேசியது வேறொரு போரைப் பற்றி. அந்தத் துறையிலிருந்துதான் நம் ஊர்க்காரர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்குகிற வீடுகள் நம் வகுப்புத் தோழர்களிடையே எத்தனை இருந்தன! 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது, மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அவர்களுக்கு இந்தத் துறைமுகத்தில் ஒரு கல்கூட இல்லை. எங்களோடு வந்த நண்பரின் பெரியப்பா அப்படிப் போனவர். பெரியம்மா கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நாங்களும் ஏறாமல் கூடவே நடந்தோம்.

தம்பி தங்கைகளுக்கு

அன்பு மாணவர்களே! கோட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். தரங்கம்பாடிக் கோட்டையில் அருங்காட்சியகம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்து பழுது பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும் அது நிற்கிறது. ஆவணங்கள் கோபன்ஹேகனிலும் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பத்திரமாக உள்ளன. ஆனால் அந்தப் பெரியவரின் அப்பாயி சொன்ன வார்த்தை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. எந்த மதகுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர், எந்தத் தெரு எந்தக் கலகத்தில் காலியாகிப் பிறகு குடியேறியது, யார் வீட்டிலிருந்து மலேயாவுக்குப் போனார்கள் என்பதெல்லாம் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம்தான் வாய்ச்சொல்லாக இருக்கும். அதற்கு மேல் கேட்க ஆள் இருந்தாலும் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே ஒரு யோசனை. சங்கத்தின் பொறுப்பாளர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, சம்பா அறுவடை முடிந்த ஒரு சனி ஞாயிறில், பழைய மாணவரும் இன்றைய மாணவரும் சேர்ந்து ஒரு வாய்க்காலைத் தேர்ந்துகொள்வோம். தலைப்பிலிருந்து கடைமடை வரை சைக்கிளில் போவோம். ஆளுக்கொரு நோட்டு. மதகுகளின் பெயர், ஊர்க்கதை, பெரியவர்கள் சொல்வது, எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதி, நம் கல்லூரி நூலகத்தில் வைப்போம். செலவு என்று பார்த்தால் பஞ்சர் ஒட்டுகிற காசும் டீக்காசும்தான். அதை நாங்கள் மூவரும் ஏற்றுக்கொள்கிறோம்.

முதல் நோட்டு ஏற்கெனவே தயார். அந்தத் தம்பி அதன் முதல் பக்கத்தில் "ஐதர் கலாபம்" என்று எழுதி, அதன் கீழே மதகின் பெயரையும் தேதியையும் குறித்திருக்கிறான். கூடுகை அன்று நூலக வரவேற்பு மேசையில் அது இருக்கும். உங்கள் ஊர் வாய்க்காலின் பெயரை அடுத்த பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். தை பிறந்ததும் அங்கே வருகிறோம்.